இரண்டு முறை ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை

அத்தியாயம் 7

ஞானஸ்நானப் பதிவேட்டின் மேலிருந்த தூசியைக் கெபே பலமாக ஊதினாள். அது கிளம்பிப் போய் வெஸ்ஸேயின் மூக்குக் கண்ணாடியில் உட்கார்ந்தது.

"மன்னிச்சுக்குங்க பாஸ். யாராவது வந்து ஊதுவாங்களான்னு நூத்தியம்பது வருஷமா காத்துக்கிட்டு இருந்திருக்கு."

வெஸ்ஸே கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான். ஷைலோ ஊர் மெதடிஸ்ட் ஆலயத்தின் பின்னறையில் அவர்கள் உட்கார்ந்து அது மூன்றாவது நாள். ஜனவரி மாதம். வடக்கிலிருந்து வீசிய ஹர்மட்டான் காற்று பாலைவனத்துப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து பிசோ ஏரி முழுக்கத் தூவியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கரை இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம்தான் இருந்தது.

வழக்கில் கொலை கிடையாது, திருட்டு கிடையாது. எழுபத்து நான்கு வயதான லியோனோரா பெட்டிஃபோர்ட், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, தனக்கு ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லியிருந்தார். அவ்வளவுதான்.

1851-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி, மூதாதையரின் கண்டத்துக்கே திரும்பி வந்து, இந்தக் கரையில் இறங்கிய பதினோரு கறுப்பினக் குடும்பங்கள் உண்டாக்கிய ஊர் ஷைலோ. மாடியும் தகரக் கூரையுமாக அவர்கள் கட்டிய பதினோரு வீடுகளும் இன்னும் நிற்கின்றன. பத்து வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உள்நாட்டுச் சண்டை நடந்த வருடங்களில் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பி, முப்பாட்டன்கள் எங்கிருந்து வந்தார்களோ அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை, ஊர் பிறந்த நாளன்று, போதகர் பதினோரு குடும்பப் பெயர்களையும் ஆலயத்தில் வாசிப்பார். அந்தந்தக் குடும்பத்தார் எழுந்து "இருக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். சில வருடங்களாகப் பதினோரு தடவையும் லியோனோரா அம்மாள்தான் எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைநகரத்து டாக்டர் தன் இதயத்தைப் பரிசோதித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசிய மறுநாள் அவர் வெஸ்ஸேயைத் தேடி வந்தார். சண்டை முடிந்த பிறகு, காணாமல் போனவர்களை உறவினர்களோடு சேர்த்து வைக்கும் ஒரு நிவாரணச் சங்கத்தில் வெஸ்ஸே ஆறு வருடம் வேலை பார்த்திருந்தான். சங்கம் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் ஜனங்கள் வந்துகொண்டேயிருந்ததால் அதையே தொழிலாக்கிக்கொண்டான்.

"நான் போயிட்டா துக்கம் கேக்க நாலு பேர் வருவாங்க. வர்றவங்க யார் கையைப் பிடிச்சுப் பேசுவாங்க?" என்று அம்மாள் அன்றைக்குக் கேட்டிருந்தார். "பெட்டிஃபோர்ட்னு ஒருத்தர் போதும். உலகத்துல எந்த மூலையில இருந்தாலும் சரி."

உலகத்தின் மூலைகள் கைவிட்டுவிட்டன. அமெரிக்காவுக்கு எழுதிப் போட்டதற்கு முந்தாநாள்தான் பதில் வந்திருந்தது. அங்கேயே தங்கிவிட்ட பெட்டிஃபோர்ட்களில் கடைசி ஆள் கல்யாணமாகாமல் தொண்ணூறு வருடம் முன்பே இறந்துபோயிருந்தார். மிச்சமிருந்தது ஒரே ஒரு நூல். ஊரை உண்டாக்கிய எலைஜா பெட்டிஃபோர்டுக்கு ஒரே மகன் ஜோசையா என்பது குடும்பத்தில் சொல்லி வந்தது. அந்த ஜோசையாதான் லியோனோரா அம்மாளின் தாத்தா. அவருக்குக் கூடப்பிறந்தவர் யாராவது இருந்து, அவர்கள் வழியில் யாராவது பிழைத்திருந்தால்?

"ஜோசையா கிடைச்சாச்சு பாஸ்." கெபே விரலை வரியின் மேல் வைத்தாள். "1853 மார்ச். அப்பா எலைஜா, அம்மா சாரிட்டி. பிள்ளைக்கு வயசு பதினோரு நாள்."

"கூடப்பிறந்தவங்க?"

அவள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனாள். கெபேக்கு நாற்பது வயது. முன்பு ஒரு அமைச்சகத்தில் தட்டச்சு செய்தவள். ஒரு நாளைக்கு நூறு பக்கம் படித்துவிட்டு நூற்றியோராவது பக்கத்திலும் கேலி பண்ணக்கூடியவள். இப்போது அவள் கை நின்றது.

"இங்கயும் ஒரு ஜோசையா இருக்கான். 1861. அதே அப்பா, அதே அம்மா." கொஞ்சம் யோசித்தாள். "முதல் தடவை தண்ணி பத்தலையோ என்னமோ."

வெஸ்ஸே நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தான். மெதடிஸ்ட் சபையில் ஒரு ஆளுக்கு ஒரு முறைதான் ஞானஸ்நானம். கேட்டாலும் இரண்டாவது முறை கொடுக்க மாட்டார்கள். வயது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான்.

"'சுமார் ஆறு'."

"படிச்சது சரிதானா பாரு."

"சுமார் ஆறுன்னுதான் பாஸ் இருக்கு. 1853-ல பிறந்தவனுக்கு 1861-ல எட்டு ஆகணுமே? பள்ளிக்கூடத்துக்குப் போடறப்ப எங்கப்பாவும் என் வயசுல ரெண்டைக் குறைச்சார். அது மாதிரியா?"

"எட்டா ஆறாங்கிறது கூட இல்ல கெபே. அந்த 'சுமார்'தான். முதல் தடவை பதினோரு நாள்னு விரல் விட்டு எண்ணிச் சொன்னவ சாரிட்டி. பெத்தவளுக்குத் தன் பிள்ளை வயசு சுமாரா தெரியுமா?"

கெபே பதிவேட்டை மெதுவாக மூடினாள். "அப்ப ரெண்டாவதா வந்தது வேற பிள்ளை."

"பேர் மட்டும் அதே பேர்."

முதல் ஜோசையா எப்போது இறந்தான் என்று பார்க்க இறுதிச் சடங்குப் பதிவேட்டை எடுத்தார்கள். அட்டை இருந்தது, உள்ளே வலை மாதிரி ஓட்டைதான் இருந்தது. 1851 முதல் 1860 வரைக்கும் கரையான் ஒரு வரி விடாமல் படித்து முடித்திருக்கிறது என்றாள் கெபே.

கல்லறைத் தோட்டத்தைக் கரையான் தின்ன முடியாது. பத்து நிமிடத்தில் இருவரும் அங்கே நின்றார்கள். மேட்டின் மேல், மாமரத்தடியில், பெட்டிஃபோர்ட்களின் இடம். கல்லறைகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நெருக்கியடித்து இருந்தன. ஒரே ஒரு இடத்தைத் தவிர. எலைஜாவுக்கும் சாரிட்டிக்கும் நடுவில் மட்டும் வெறும் புல். கல் இல்லை, மேடு இல்லை, பெயர் இல்லை.

"புருஷன் பெண்டாட்டிக்குள்ள மனஸ்தாபமா இருக்கும்" என்றாள் கெபே. "என் வீட்டுக்காரர் பக்கத்துல என்னைப் படுக்க வெச்சா இதை விட அதிகமா இடம் விடச் சொல்லி எழுதி வெச்சுட்டுத்தான் போவேன்."

வெஸ்ஸே குந்தி உட்கார்ந்து சாணால் அளந்தான். இரண்டு சாண் அகலம், அதற்குக் கொஞ்சம் கூடுதல். பெரிய ஆள் படுக்க முடியாது. ஒரு குழந்தை தாராளமாகப் படுக்கும். அப்பாவையும் அம்மாவையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு.

கெபே கேலியை நிறுத்திவிட்டாள். கல் கூட நடாமல் ஏன் மறைத்தார்கள் என்று கேட்டாள்.

"மறைக்கணும்னு நினைச்சிருக்க மாட்டாங்க. கல் நட்டா அதுல பேர் வெட்டணும். அந்தப் பேரை விட சாரிட்டிக்கு மனசு வரலை. எடுத்து வளர்த்த பிள்ளைக்கு வெச்சுக்கிட்டா."

கப்பலில் வந்தவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டில் வைத்து வளர்ப்பது வழக்கம்தான். அந்தப் பிள்ளை தண்ணீர் சுமக்கும், விறகு பிளக்கும், கொஞ்சம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும். சில வீடுகளில் குடும்பப் பெயரும் கிடைக்கும். எந்த வீட்டிலும் அதை வெளியே பேச மாட்டார்கள்.

மேட்டிலிருந்து பார்த்தால் லியோனோரா அம்மாளின் வீடு தெரிந்தது. மேல்மாடி ஜன்னல் ஒன்றுதான் திறந்திருந்தது.

"ஒரு பெட்டிஃபோர்டைக் கண்டுபிடிக்கச் சொன்னாங்க" என்றாள் கெபே. "நாம இருந்த ஒண்ணையும் தொலைச்சுட்டோம்."

அம்மாள் அவர்களைச் சாப்பாட்டு அறையில் உட்காரவைத்து இஞ்சிப் பானம் கொண்டுவந்து கொடுத்தார். நீண்ட மேசை, பன்னிரண்டு நாற்காலிகள். பதினொன்றுக்கு வெள்ளைத் துணி உறை போட்டிருந்தது. இரண்டு உறைகளை அவர்களுக்காகக் கழற்றி, மடித்து, மேசை ஓரத்தில் வைத்தார். எழுந்து போனதும் மறுபடி போட்டுவிடுவார் என்று வெஸ்ஸேக்குத் தோன்றியது.

ஆலயத்தில் என்ன கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. வெஸ்ஸேயும் சொல்லவில்லை. குடும்ப பைபிளைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டான். அம்மாள் அலமாரியைத் திறந்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தார்.

பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் முதல் பக்கங்களில் ஒழுங்காக இருந்தன. ஜோசையா ஒரே ஒரு தடவைதான் பிறந்திருந்தான். வெஸ்ஸே புத்தகத்தை மூடி மேசையில் நிறுத்திப் பார்த்தான்.

"முன்னட்டை மெலிசு. பின்னட்டை தடிப்பு" என்றான்.

"என்னை மாதிரி" என்று தொடங்கிய கெபே, தலைமை ஆசிரியை அவளைப் பார்த்த ஒரு பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

அம்மாள் எழுந்தார். அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுப்பு எரிகிற வாசனை எதுவும் வீட்டில் இல்லை.

பின்னட்டையின் உள்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். மரவள்ளிக் கஞ்சிப் பசை. எத்தனையோ மழைக்காலங்களைத் தாங்கிய பசை, இந்தக் காய்ந்த காற்றில் வெடித்து ஓரமாக எழும்பி நின்றது. வெஸ்ஸே நகத்தால் தொட்டதும் பாதித் தாள் தானாகவே வந்தது. ஒட்டிய தாளின் மறுபக்கத்தில் அச்செழுத்து. ஏதோ மிஷன் அச்சகத்து நாட்காட்டி. அக்டோபர் 1957.

அதற்குக் கீழே, அட்டையோடு இருந்த கடைசி ஏட்டில், பழுப்பு மையில் ஆறு வரிகள். வளைவும் புள்ளியும் கொக்கியுமான எழுத்துகள். ஆங்கிலம் இல்லை, அரபியும் இல்லை.

"வை எழுத்து" என்றாள் கெபே தணிந்த குரலில். ஏரியைச் சுற்றியிருக்கும் வை ஜனங்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் எழுத்து அது. பெரியவர்கள் சிலர் இன்னும் கடிதம் எழுதுகிறார்கள். "படிக்கத் தெரியாது. வரையத் தெரியும்." அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து இறக்கினாள்.

வெஸ்ஸே தாளை மறுபடி படிய வைத்து, பைபிளை மூடினான். அதற்குப் பிறகும் பத்து நிமிடம் கழித்துத்தான் அம்மாள் திரும்பி வந்தார். அவர் கையில் ஒன்றும் இல்லை.

எதிர்க்கரையில் கோன்ஜா, வை ஜனங்களின் ஊர். தோணியில் இருபது நிமிடம். பழைய வை எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால் அங்கே வார்னி சியாஃபாவிடம் போங்கள் என்று துறையில் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். புழுதிக்குள் பாதி தூரம் போனதும் ஷைலோ மறைந்தது. இன்னும் கோன்ஜா தெரியவில்லை. துடுப்புச் சத்தம் மட்டும் இருந்தது. இந்த மாதிரி நேரத்தில்தான் வெஸ்ஸேக்குத் தம்பியின் ஞாபகம் வரும். அவன் ஏரியின் பக்கம் பார்க்காமல் தோணிக்காரரின் கையைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

வார்னி சியாஃபாவுக்கு எழுபத்தாறு வயது. தொழுகை முடித்துவிட்டுப் பள்ளிவாசல் நிழலில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கைகுலுக்கி, அந்தப் பக்கத்து வழக்கப்படி கடைசியில் விரலோடு விரல் சொடுக்கி, விருந்தாளிக்கான கோலாக் கொட்டையைப் பிட்டுக் கொடுத்த பிறகுதான் நோட்டுப் புத்தகத்தை வாங்கினார். கெபே இறக்கிய எழுத்துகளைப் பார்த்துச் சிரித்தார். கோழி நடந்த மாதிரி இருக்கிறது என்றார். தன் பழைய அமைச்சகத்தில் அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள் என்றாள் கெபே.

பிறகு அவர் படித்தார். முதலில் மனசுக்குள். இரண்டாவது தடவை வாய் விட்டு, தோணிக்காரர் மொழிபெயர்க்க.

"என் பேர் லாஹாய். கோன்ஜா ஊர் ஸீனாவோட ரெண்டாவது மகன். கப்பல்காரங்க வீட்டுக்கு என்னைக் கொடுத்தாங்க. செத்துப் போன பிள்ளையோட பேரை எனக்கு வெச்சாங்க. அந்த அம்மா என்னை அடிச்சதில்லை. என் பிள்ளைங்க யாராவது கேட்டா, ஏரியைத் தாண்டி வரட்டும்."

பெரியவர் எழுந்து வீட்டுக்குள் போய், துணியில் சுற்றிய ஒரு மிகப் பழைய நோட்டைக் கொண்டுவந்தார். அதில் அவருடைய குடும்பத்தின் பெயர்கள் அதே எழுத்தில் இருந்தன. ஸீனாவின் மூத்த மகன் க்பானா. அவர்தான் பெரியவரின் தாத்தா. இளைய மகன் லாஹாய். பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி. 'அக்கரையில் இருக்கிறான்.'

லாஹாய் பெரியவனான பிறகு ஏரியைத் தாண்டி வரத் தொடங்கினாராம். வருடத்துக்கு ஒருமுறை, நோன்பு முடிகிற நாளில். எழுத்தையும் இங்கே அண்ணனிடம்தான் கற்றுக்கொண்டார். லாஹாயின் மகன் ஒரே ஒரு தடவை வந்தார். அதற்குப் பிறகு அந்தக் கரையிலிருந்து யாரும் வரவில்லை. இங்கிருந்தும் யாரும் போய்க் கதவைத் தட்டவில்லை. கூப்பிடாத வீட்டுக்குப் போய் உறவு சொல்வது மரியாதை இல்லை என்று இருந்துவிட்டார்கள்.

"யாருமே வரலையா?" என்று வெஸ்ஸே கேட்டான்.

பெரியவர் வலையை மடியில் இழுத்துக்கொண்டார். "ஒரு பொண்ணு வந்துச்சு. வந்துச்சுன்னும் சொல்ல முடியாது. எனக்கு அப்ப இருபத்தொரு வயசு, கல்யாணம் ஆன வருஷம். வெள்ளைக் கவுன், தொப்பி. தோணி கரையில முட்டினதும் செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு எழுந்து நின்னுச்சு. எங்க பொம்பளைங்க யாரோ எவரோன்னு இறக்கிவிடக் கையை நீட்டிக்கிட்டு ஓடினாங்க. அப்படியே நின்னுச்சு. அப்புறம் உக்காந்து செருப்பை மாட்டிக்கிட்டுத் திரும்பிப் போயிடுச்சு."

அந்த வருடம் எது என்று வெஸ்ஸே மனசுக்குள் கழித்துப் பார்த்தான். பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை; அந்த நாட்காட்டித் தாளிலேயே அது இருந்தது.

எந்த வீட்டுக்காக வந்திருக்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. பெரியவர் கேட்கவுமில்லை. வழியனுப்பத் தோணி வரைக்கும் வந்தவர், அந்த அம்மாவுக்கு யார் சமைத்துப் போடுகிறார்கள் என்று மட்டும் கேட்டார்.

வெஸ்ஸே கேட்காதவன் போலத் தோணியில் ஏறினான். கெபே சொல்லிவிட்டாள். "யாரும் இல்ல ஐயா."

திரும்பும்போது தோணியில் கெபே கேட்டாள், அந்த நாட்காட்டித் தாளை யார் ஒட்டியிருப்பார்கள் என்று. வெஸ்ஸே விரலை மடக்கினான். ஜோசையா என்கிற லாஹாய் இறந்தது 1931. அவர் மகன் இறந்தது 1949. அவருடைய மனைவி மகளைப் பெற்றபோதே போய்விட்டாள். அக்டோபர் 1957-இல் அந்த வீட்டில் உயிரோடு இருந்த பெட்டிஃபோர்ட் ஒரே ஆள்தான்.

"அப்ப நம்மகிட்ட வேலை கொடுத்தவங்களுக்கு விடை முன்னாடியே தெரியும்."

"வாத்தியாரம்மா இல்லையா?" என்றான் வெஸ்ஸே.

அவர்கள் வீட்டுக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. அம்மாள் அதே மேசையில், அதே நாற்காலியில் இருந்தார். மற்ற இரண்டு நாற்காலிகளுக்கும் உறை போட்டாகிவிட்டது. வெஸ்ஸே உட்காராமலே நோட்டை அவர் முன்னால் திறந்து வைத்தான்.

"படிச்சுட்டு வந்தீங்களா?" என்றார் அவர்.

"படிச்சுட்டு வந்தோம். நீங்க எப்ப படிச்சீங்க?"

அவர் மறைக்க முயலவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது என்று தொடங்கினார். மாப்பிள்ளை பதினோரு குடும்பங்களில் ஒன்றான நீதிபதி வீட்டுப் பையன். கல்யாணத் தேதியை பைபிளில் எழுத எடுத்தபோது கடைசி ஏட்டைப் பார்த்தாராம். மீன் விற்க வந்த ஒரு கிழவரிடம் எழுத்துகளைக் காட்டிப் படிக்கச் சொன்னார். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் தோணி எடுத்துக்கொண்டு போனார்.

"கை நீட்டினாங்க. ஏழெட்டுப் பொம்பளைங்க. என் பேர்கூடக் கேக்காம கை நீட்டினாங்க. இறங்கிட்டா திரும்பி வர முடியாதுன்னு தோணுச்சு." மேசை விரிப்பைக் கையால் நீவினார். "வந்து பசை காய்ச்சினேன்."

கல்யாணம் நடந்தது. ஆனால் பெட்டிஃபோர்ட் என்ற பெயரையும் இந்த வீட்டையும் அவர் விடவில்லை. குழந்தை இல்லை. கணவர் சண்டை தொடங்கிய வருடம் இறந்துவிட்டார். முப்பத்தாறு வருடம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தார். பாதிப் பிள்ளைகள் அந்தக் கரையிலிருந்து தோணியில் வருகிறவர்கள். இதில் எது எனக்குச் சொந்தமோ என்று தினமும் காலையில் வரிசை வரிசையாக முகங்களைப் பார்ப்பாராம். பார்த்துவிட்டு எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பாராம்.

"பின்ன எதுக்கும்மா எங்களை அமெரிக்காவுக்கெல்லாம் எழுத வெச்சீங்க?" என்று கெபே கேட்டாள். அதில் கேலி இல்லை.

"அங்க ஒருத்தர் இருந்திருந்தா இதைத் திறக்க வேண்டியிருக்காதே." அம்மாள் நோட்டை மெல்ல அவர்கள் பக்கம் தள்ளினார். "உங்க அறிக்கையில, தேடினோம், யாரும் கிடைக்கலைன்னு எழுதிடுங்க. ஞாயித்துக்கிழமை ஊர் பிறந்த நாள். அந்தப் பதினோரு பேரைச் சொல்றப்ப எழுந்து நிக்க ஷைலோவுல நான் ஒருத்திதான் மிச்சம். நானும் அந்த வம்சம் இல்லைன்னா, அப்புறம் இங்க யார்தான் இருக்கா?"

வெஸ்ஸே துணி உறை போட்ட நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாடிக்கையாளரிடம் தன் கதையைச் சொல்வது அவன் வழக்கம் இல்லை.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்மா. தொண்ணூறுல ஒரு சோதனைச் சாவடியில வரிசை ரெண்டாப் பிரிஞ்சுது. அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மத்தவங்களுக்கு எத்தனையோ பேரைக் கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டேன். அவன் எந்த நாட்டுல, எந்தக் குழியிலன்னு இன்னைய வரைக்கும் எனக்குத் தெரியாது." ஜன்னல் பக்கம் கை காட்டினான். "உங்களோடது இருபது நிமிஷம். துடுப்புப் போட்டா."

அவர் ஜன்னலைப் பார்த்தார். புழுதி லேசாகக் கலைந்திருந்தது. அக்கரையில் சமையல் புகை நாலைந்து இடத்தில் எழுந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"நேரம் போச்சு" என்றார் கடைசியில். "கிளம்புங்க."

அவர்கள் படியிறங்கினார்கள். அறிக்கையில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று கெபே கேட்டாள். கேட்டபடியேதான் எழுத வேண்டும், ரகசியம் அவருடையது என்றான் வெஸ்ஸே. இந்தத் தொழிலுக்கு மீன் விற்கப் போகலாம் என்று அவள் முணுமுணுத்தாள்.

வாசல் கேட்டைத் தாண்டவில்லை. துறையிலிருந்து வரும் பாதையில் ஐந்தாறு பெண்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துணி போட்டு மூடிய பெரிய பேசின். நெய் போல மணக்கும் பனங்கனிக் குழம்பு வாசனை அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. அவள் இவர்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராக நடந்து, படிக்குக் கீழே நின்றாள்.

கதவு திறந்தது. அம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணை வெகு நேரம் பார்த்தார்.

"மாஸா சியாஃபா" என்றார். "ஏழாம் வகுப்பு. ஜன்னலோரம்."

"ஆமா டீச்சர்." மாஸா தலைச்சுமையை இறக்கவில்லை. "வார்னி சியாஃபா மகள். நான் வகுப்புல எங்க பாஷை பேசினேன்னு நீங்க மூணு தடவை அடிச்சிருக்கீங்க. எங்கப்பா இன்னைக்குக் குடும்ப நோட்டைத் திறந்து எண்ணிப் பார்த்தாங்க. நீங்க அவங்களுக்குத் தங்கச்சி முறையாம்." ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். "அதான் கேட்டுட்டு உள்ள வரலாம்னு நிக்கறேன். உங்களை டீச்சர்னு கூப்பிடறதா, அத்தைன்னு கூப்பிடறதா?"

அம்மாள் நிலையை விட்டுக் கையை எடுத்தார்.

அப்புறம் அவர் சொன்னார். நான்கைந்து வார்த்தைகள். ஆங்கிலத்தில் அல்ல. முப்பத்தாறு வருடம் பிரம்பால் அடித்து நிறுத்திய அந்த மொழியில், தட்டுத் தடுமாறி, முதல் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டுகிற மாதிரி.

மாஸா அழவில்லை. பேசினை இரண்டு கையாலும் இறக்கி, படியேறி, அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். மற்றவர்களும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனார்கள். உள்ளே நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு நிறைய. கதவைச் சாத்த யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

வெஸ்ஸே கேட்டருகில் நின்றுகொண்டிருந்தான்.

"அவங்க என்ன சொன்னாங்க?" என்று கெபேயைக் கேட்டான்.

"எனக்கும் வை தெரியாது பாஸ்."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு வரட்டுமா என்றாள். வேண்டாம் என்று அவன் தலையசைத்தான். மேட்டுப் பாதையில் பூட்டிய வீடுகளுக்கு நடுவே இருவரும் நடந்தார்கள். வெஸ்ஸே சட்டைப் பையிலிருந்து அறிக்கைத் தாளை எடுத்து, எழுத ஒன்றும் தோன்றாமல், நான்காக மடித்து மறுபடி வைத்துக்கொண்டான்.